நெடுஞ்சாலைக்குக் கீழே ஒரு ஊர்: மினசோட்டாவின் ஐ-94 பாதையில்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ், சென் போல் என்ற இரண்டு நகரங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவில் மிசிசிப்பி ஆறு ஓடுகிறது. 'இரட்டை நகரங்கள்' என்று அழைக்கப்படும் இவ்விரண்டையும் ஊடறுத்துச் செல்லும் ஐ-94 நெடுஞ்சாலையில், மேற்குப் புறநகரான மேப்பிள் குறோவிலிருந்து கிழக்குப் புறநகரான வூட்பரி வரை கடந்த வருடம் பயணித்தேன். ஏறத்தாழ 60 கிலோமீற்றர். நெரிசல் இல்லாவிட்டால் 40 நிமிடங்கள் போதும். நாங்கள் மூன்று மணித்தியாலங்கள் எடுத்தோம், இடையில் ஓர் இடத்தில் இறங்கியதால்.

காரை ஓட்டியவர் என் பெரியம்மாவின் மகன். வூட்பரியில் வசிக்கிறார். மேப்பிள் குறோவில் இருக்கும் மினசோட்டா இந்துக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். "240இல் இறங்குங்கோ அண்ணா" என்று நான் கேட்டபோது, அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லையே என்றார். அவர் சொன்னது சரிதான். பார்ப்பதற்கு அங்கே அதிகம் மிச்சமில்லை.

பாதையை வாசிப்பது எப்படி

அமெரிக்க மாநிலங்களுக்கு இடையிலான நெடுஞ்சாலைகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கிழக்கு மேற்காகச் செல்பவற்றுக்கு இரட்டை எண், வடக்குத் தெற்காகச் செல்பவற்றுக்கு ஒற்றை எண். தெற்கிலிருந்து வடக்கே போகப் போக இரட்டை எண்கள் கூடும். எனவே 94 என்றாலே கனடா எல்லைக்குக் கிட்டச் செல்லும் கிழக்கு மேற்குப் பாதை என்று ஊகிக்கலாம். 494, 694 போன்ற மூன்று இலக்க எண்கள் நகரைச் சுற்றிச் செல்லும் வட்டப் பாதைகளைக் குறிக்கும். வெளியேறும் வழிகளின் இலக்கங்கள் பெரும்பாலும் மைல் கணக்கு. மாநிலத்தின் மேற்கு எல்லையிலிருந்து 240ஆவது மைலில் இருப்பது 240ஆம் இலக்க வெளியேறும் வழி.

எங்கள் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் போய்ப் பழகியவர்களுக்கு இரண்டு வித்தியாசங்கள் உடனே தெரியும். முதலாவது, இங்கே பெரும்பாலும் கட்டணம் இல்லை. இரண்டாவது, எங்கள் பாதை ஊர்களுக்குப் புறத்தே, வயல்களுக்கும் இறப்பர் தோட்டங்களுக்கும் இடையே செல்கிறது. ஐ-94 நகரத்தின் நெஞ்சுக்கூட்டுக்குள்ளாலேயே செல்கிறது.

பாதையில் ஏறும் இடத்தில் ஒரு சமிக்ஞை விளக்கு இருக்கும். ஒவ்வொரு பச்சைக்கும் ஒரு வாகனம்தான் உள்ளே போகலாம். வாகனங்கள் கூட்டமாக நுழைந்து பிரதான ஓட்டத்தைக் குழப்பாமல் தடுப்பதே இதன் வேலை. இரட்டை நகரங்களில் இப்படி 400க்கும் மேற்பட்ட விளக்குகள் இருந்தன. "வீணாகக் காத்திருக்க வைக்கிறார்கள்" என்று மக்கள் முறையிட்டதால், மாநிலச் சட்டசபையின் உத்தரவுப்படி 2000ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் சில வாரங்களுக்கு எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தார்கள். அந்த வாரங்களில் விபத்துகள் 26 சதவீதம் அதிகரித்தன. விளக்குகள் திரும்பவும் எரிந்தன, காத்திருக்கும் நேரம் மட்டும் குறைக்கப்பட்டது. தூரப் புறநகரிலிருந்து வருபவர் ஏற்கெனவே பாதையில் ஓடிக்கொண்டிருப்பார். நகரத்துக்குள் வசிப்பவரோ வாசலில் நின்று அவருக்கு வழிவிட வேண்டும் என்பது அந்த முறைப்பாடுகளில் ஒன்று. சிறிய விடயந்தான். ஆனால் ஒருவர் வேகமாகப் போவதற்கு இன்னொருவர் எங்கோ நிற்க வேண்டியிருக்கிறது என்பதை அந்தச் சிவப்பு விளக்கில் நின்றபோது யோசித்தேன்.

சுரங்கம், ஆறு, பள்ளம்

மேப்பிள் குறோவில் பாதை அகலமானது. இரு பக்கமும் கடைத்தொகுதிகள், கார் தரிப்பிடங்கள், குளங்கள். புரூக்ளின் சென்ரரில் தெற்கே திரும்பினால் ஒலித்தடுப்புச் சுவர்கள் தொடங்குகின்றன. அவற்றுக்கு மேலால் கூரைகளும் மரங்களின் உச்சிகளும் மட்டுமே தெரியும். மினியாபொலிஸின் உயர்ந்த கட்டடங்கள் இடப்பக்கம் வந்ததும் பாதை சட்டென்று வளைந்து லோரி ஹில் சுரங்கத்துக்குள் நுழைகிறது. 1971இல் திறக்கப்பட்ட இந்தச் சுரங்கத்தின் வளைவில் எல்லோரும் பிரேக் பிடிப்பதால் பின்னால் நெரிசல் எப்போதும் இருக்கும். பிறகு மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும் பாலம். அதற்கு அப்பால் சென் போல்.

சென் போலுக்குள் பாதை ஒரு பள்ளத்துக்குள் இறங்குகிறது. இரு பக்கமும் புல் முளைத்த சரிவுகள். குறுக்கு வீதிகள் எல்லாம் தலைக்கு மேலே பாலங்களாகப் போகின்றன. ஸ்நெலிங், லெக்சிங்டன், அடுத்தது டேல். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் வாகனங்கள் இந்தப் பள்ளத்தால் போகின்றன. டேல் வீதிதான் 240ஆம் இலக்க வெளியேறும் வழி. நாங்கள் அங்கே ஏறி, நெடுஞ்சாலைக்கு அருகாகச் செல்லும் கொன்கோர்டியா அவெனியூவில் காரை நிறுத்தினோம். அந்த வீதியின் பழைய பெயர் றொண்டோ.

றொண்டோ என்ற ஊர்

றொண்டோ அவெனியூ 19ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய ஜோசப் றொண்டோ என்ற பிரெஞ்சு கனேடிய வணிகரின் பெயரைக் கொண்டது. பல நாட்டுக் குடியேறிகள் வாழ்ந்த இந்தப் பகுதி, 20ஆம் நூற்றாண்டில் சென் போலின் கறுப்பின மக்களுடைய ஊராக மாறியது. 1950களில் அந்நகரின் கறுப்பின மக்களில் 80 சதவீதத்துக்கும் அதிகமானோர் இங்கேதான் இருந்தார்கள்.

அது அவர்கள் விரும்பித் தெரிந்ததால் மட்டும் நடந்ததல்ல. பல இடங்களில் வீட்டு உறுதிகளிலேயே "வெள்ளையர் அல்லாதோருக்கு விற்கக் கூடாது" என்ற நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. 1930களில் அரச நிறுவனமொன்று வரைந்த கடன் வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் சிவப்பு நிறத்தில் காட்டப்பட்டன. சிவப்பு என்றால் வங்கிக் கடன் கிடைப்பது அரிது. அப்படியிருந்தும் றொண்டோவில் பலர் சொந்த வீடு வைத்திருந்தார்கள். புகையிரதப் பெட்டிகளில் வேலை செய்தோர், இறைச்சித் தொழிற்சாலைத் தொழிலாளர், ஆசிரியர், முடிதிருத்துவோர் எல்லோரும் ஒரே வீதியில் வசித்தார்கள். 1918இல் தொடங்கப்பட்ட ஸ்டேர்லிங் கழகமும் 1929இல் தொடங்கப்பட்ட ஹலி கியூ. பிறவுண் சமூக நிலையமும் இந்த ஊர் கட்டியெழுப்பிய நிறுவனங்கள்.

வரைபடத்தில் ஒரு கோடு

1956 யூன் 29ஆம் திகதி ஜனாதிபதி ஐசனோவர் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 41,000 மைல் நீளமான வலையமைப்பு. செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசு தரும். நூறு டொலர் வேலைக்குப் பத்து டொலர் மட்டும் போட்டால் போதும் என்ற நிலையில் பெரும்பாலான மாநிலங்களும் நகரங்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்கெனவே மேசையில் இருந்த கோடுகள் வேலைத்தளங்களாயின.

சென் போலில் அந்தக் கோடு றொண்டோ வழியாகப் போனது. இரண்டு நகர மையங்களையும் மாநிலச் சட்டசபைக் கட்டடத்தையும் நேராக இணைக்கும் வழி அது என்பது பொறியியலாளர்களின் நியாயம். ஆனால் வேறு வழியும் இருந்தது. நகரத்தின் திட்டமிடல் பொறியியலாளரான ஜோர்ஜ் ஹெரோல்ட், வடக்கே புகையிரதப் பாதைகளையொட்டி நெடுஞ்சாலையை அமைக்கலாம் என்று 1940களிலேயே முன்மொழிந்தார். நகரத்துக்குள்ளால் பெருவீதி போட்டால் குடும்பங்களும் கடைகளும் சிதறிப்போகும் என்று அவர் எச்சரித்தார். அது ஏற்கப்படவில்லை.

ஊர் மக்களும் சும்மா இருக்கவில்லை. போதகர் புளோயிட் மாசி, முடிதிருத்துநர் திமோதி ஹவார்ட் ஆகியோரின் தலைமையில் ஒரு சங்கம் அமைத்தார்கள். நியாயமான நட்டஈடு, வேறு இடங்களில் பாகுபாடின்றி வீடு வாங்க உதவும் சட்டம், பாதையைத் தூண்களின் மேல் உயர்த்தாமல் பள்ளத்தில் அமைத்தல் ஆகியவற்றைக் கேட்டார்கள். பாதை எங்கே போவது என்பது அப்போது முடிவாகிவிட்டது. அவர்கள் வென்றது மூன்றாவது கோரிக்கையை மட்டுந்தான். நாங்கள் எட்டிப் பார்த்த அந்தப் பள்ளம் அவர்களுடைய போராட்டத்தின் பலன்.

1956 செப்ரெம்பரில் போதகர் ஜோர்ஜ் டேவிஸ் தன் வீட்டை விட்டு வெளியேற மறுத்தார். கோடாரிகளோடும் சம்மட்டிகளோடும் பொலிஸார் வந்தார்கள். பிற்காலத்தில் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமொன்றின் சென் போல் கிளைக்குத் தலைவரான அவருடைய பேரன் நத்தானியேல் காலிக்குக்கு அப்போது 13 வயது. அந்த நாளை அவர் பல தடவைகள் பகிரங்கமாக விபரித்திருக்கிறார்.

1968 டிசெம்பரில் இரு நகரங்களுக்கும் இடையிலான பாதை திறக்கப்பட்டபோது 600க்கும் அதிகமான வீடுகள் இல்லாமற் போயிருந்தன. சென் போலின் கறுப்பின மக்களில் எட்டுப் பேருக்கு ஒருவர் வீடிழந்தார். கடைகளும் கழகங்களும் போயின. வீடு வைத்திருந்தவர்களுக்கு நட்டஈடு கிடைத்தது. ஆனால் கடன் மறுக்கப்பட்ட பகுதியின் சந்தை விலை எவ்வளவு இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வாடகைக்கு இருந்தவர்களின் நிலை இன்னும் மோசம். அரச திட்டங்களால் இடம்பெயர்வோருக்கு மீள்குடியமர்வு உதவியைக் கட்டாயமாக்கிய மத்திய சட்டம் 1970ஆம் ஆண்டுக்குரியது. வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த மத்திய சட்டம் 1968இல் வந்தது, பாதை திறக்கப்பட்ட அதே வருடம். வீடு உடைந்தபோது சட்டம் இல்லை. சட்டம் வந்தபோது வீடு இல்லை.

இது ஒரு நகரத்தின் கதை மட்டுமல்ல. 1957 முதல் 1977 வரை நெடுஞ்சாலைகளுக்காக 475,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அமெரிக்கா முழுவதும் இடம்பெயர்ந்தன என்பது அந்நாட்டின் போக்குவரத்துத் திணைக்களத்தின் கணக்கு.

அதே நகரம், இன்னொரு நெடுஞ்சாலை

டேல் வீதியிலிருந்து திரும்பவும் கிழக்கே போனால் சில நிமிடங்களில் ஐ-35ஈ வந்து சேர்கிறது. தெற்கிலிருந்து அது நகருக்குள் வரும் பகுதி விசித்திரமானது. வேக எல்லை மணிக்கு 45 மைல்தான். கனரக லொறிகளுக்கு அனுமதி இல்லை. நடுவே மரஞ்செடிகள் நட்ட ஒடுக்கமான பாதை. அதால் வடக்கே வருபவர் நேரடியாக ஐ-94இன் மேற்குப் பக்கத்துக்குத் திரும்பவும் முடியாது.

காரணம் எளியது. இந்தப் பாதை சமிட் அவெனியூவையொட்டிய வசதியான குடியிருப்புகளுக்குக் கீழால் செல்கிறது. 1970இல் நடைமுறைக்கு வந்த தேசிய சுற்றாடல் சட்டம், பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் பாதிப்பு அறிக்கையைக் கட்டாயமாக்கியது. அங்கு வசித்தவர்கள் அமைப்பாகச் சேர்ந்து, சட்டத்தரணிகளோடு நீதிமன்றம் போனார்கள். வேலை வருடக்கணக்கில் நின்றது. இறுதியில் அவர்களுடைய நிபந்தனைகளோடுதான் 1990இல் பாதை திறக்கப்பட்டது.

றொண்டோ மக்களுக்கு அந்தச் சட்டம் 14 வருடங்கள் பிந்தி வந்தது. அத்தோடு சட்டத்தைப் பயன்படுத்தும் பணமும் செல்வாக்கும் எல்லோரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. நெடுஞ்சாலை எங்கே போகும் என்பதைப் பொறியியல் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு, கிட்டக் கிட்ட இருக்கும் இந்த இரண்டு பாதைகளைவிட வேறு சாட்சி தேவையில்லை.

மறக்க மறுத்தவர்கள்

1983இல் மார்வின் அன்டர்சன், புளோயிட் ஸ்மோலர் என்ற இரு றொண்டோப் பிள்ளைகள் 'றொண்டோ நாட்கள்' என்ற வருடாந்தக் கொண்டாட்டத்தைத் தொடங்கினார்கள். இல்லாத ஊருக்கு ஊர்த் திருவிழா. சிதறியவர்கள் ஒவ்வொரு யூலையிலும் வந்து கூடினார்கள். 1990இல் எவலின் பெயர்பாங்க்ஸ் தன் றொண்டோ இளமைக்காலத்தை நூலாக எழுதினார். 2005இல் முதியவர்களின் வாய்மொழி வரலாறுகள் தொகுக்கப்பட்டு நூலாகின. 2006இல் டேல் வீதியில் திறக்கப்பட்ட பொது நூலகம் றொண்டோவின் பெயரைத் தாங்கியது.

இந்த நினைவு நடைமுறைப் பலனும் தந்தது. இரு நகரங்களையும் இணைக்கும் இலகு ரயில் பாதை அருகே உள்ள யுனிவர்சிற்றி அவெனியூவில் திட்டமிடப்பட்டபோது, வறிய மக்கள் வாழும் பகுதியில் நிலையங்கள் மிகத் தூரத் தூர இருந்தன. "இன்னொரு தடவை எங்களைத் தாண்டிப் போக விடமாட்டோம்" என்ற நிலைப்பாட்டோடு மக்கள் அமைப்புகள் போராடி மூன்று மேலதிக நிலையங்களைப் பெற்றன. 2014இல் அந்தப் பாதை திறக்கப்பட்டது. இந்தத் தடவை அவர்கள் கோடு வரையப்படும் கட்டத்திலேயே தலையிட்டார்கள்.

2015 யூலையில் நகர முதல்வர் கிறிஸ் கோல்மனும் மாநிலப் போக்குவரத்து ஆணையாளர் சார்ள்ஸ் செல்லும் றொண்டோ மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். அடுத்த யூலையில், பிலாண்டோ கஸ்டீல் என்ற கறுப்பின இளைஞர் பொலிஸாரால் சுடப்பட்டு இறந்தபோது, ஆர்ப்பாட்டக்காரர்கள் ஐ-94ஐ மணிக்கணக்கில் மறித்தார்கள். மறித்த இடம் பழைய றொண்டோ.

இப்போது மக்கள் கேட்பது மண்ணை. பள்ளத்தின் மேல் ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்கு ஒரு மூடி அமைத்து, அதன்மேல் வீடுகளும் கடைகளும் கட்டலாம் என்பது 'றீகனெக்ட் றொண்டோ' என்ற அமைப்பின் திட்டம். 2021இல் மாநிலம் 62 இலட்சம் டொலரை ஆய்வுக்காக ஒதுக்கியது. வீடிழந்தோரின் வாரிசுகள் வீடு வாங்குவதற்கென நகரசபை ஒரு நிதியையும் தொடங்கியிருக்கிறது. மூடி இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில்

யுத்தத்தையும் நெடுஞ்சாலையையும் ஒன்றென்று சொல்ல நான் வரவில்லை. றொண்டோவில் செல் விழவில்லை. உயிர்களை இழந்து ஓடியவர்களின் கதை வேறு. ஆனால் இரண்டு இடங்களிலும் காணி எடுக்கப்பட்டபோது சொல்லப்பட்ட வார்த்தை ஒன்றுதான்: பொதுத் தேவை. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க ஒட்டப்பட்ட அறிவித்தல்களிலும் அந்த வார்த்தைதான் இருந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காணி உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள்.

எங்கள் 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தில் 2ஆம் பிரிவு அறிவித்தல் ஆரம்பக் கட்டம். 4ஆம் பிரிவு எழுத்துமூல ஆட்சேபனைக்கு இடம் தருகிறது. அவசரம் என்று சொல்லி 38ஆம் பிரிவின் (அ) பந்தியைப் பயன்படுத்தினால் காணியை உடனேயே கையகப்படுத்தலாம். றொண்டோவும் 35ஈயும் கற்றுத்தருவது, எந்தக் கட்டத்தில் குரல் கொடுக்கிறோம் என்பதிலேயே பாதி முடிவு தங்கியிருக்கிறது என்பதை. மற்றப் பாதி, கையில் என்ன பதிவு இருக்கிறது என்பதில் தங்கியிருக்கிறது. உறுதி, வரி ரசீது, புகைப்படம், அயலவரின் வாக்குமூலம், வாடகைக்கு இருந்தவர்களின் பெயர்கள். றொண்டோவில் 27 வருடங்கள் கழித்துத் திருவிழா தொடங்கப்பட்டபோது பெயர்கள் இருந்தன. அதனால் ஊர் இருந்தது.

கொன்கோர்டியா அவெனியூவில் 2018இல் திறக்கப்பட்ட சிறிய நினைவுத் திடல் இருக்கிறது. அதன் விளிம்பில் நின்று அண்ணா நெடுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு ரெண்டு தரம் இதுக்குள்ளால போறன், தங்கச்சி. பன்னிரண்டு வருசம். இதில ஊர் இருந்ததெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார்.

எங்கள் குடும்பம் 1990இல் மயிலிட்டியை விட்டு வெளியேறியபோது அவருக்குப் பத்து வயது. எனக்கு அந்த ஊர் நினைவில் இல்லை. 2017இல் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டபோது பெரியம்மாவோடு நானும் போனேன். ஒழுங்கை இருக்கவில்லை. கிணற்றை வைத்துத்தான் வளவை மட்டுக்கட்டினோம்.

அன்றிரவு வூட்பரியில் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணா ஒரு தாளை எடுத்து அந்த ஒழுங்கையைக் கீறத் தொடங்கினார். முதலில் கோயில், பிறகு வாசிகசாலை, பிறகு வீடு வீடாகப் பெயர்கள். ஆறாவது வீட்டில் நின்றுவிட்டார். அங்கே யார் இருந்தார்கள் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் அப்போது காலை. பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தோம். அவர் ஆறாவது வீட்டின் பெயரைச் சொல்லிவிட்டு, பின்வளவில் ஒரு கொட்டிலில் வாடகைக்கு இருந்த இன்னொரு குடும்பத்தையும் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டோம்.